கட்டிலுக்கடியில் நீலப் பை: தாதிமை இல்லத்தில் ஓர் அம்மாவின் முதல் ஆண்டு

எங்கள் இல்லத்தில் ஒருவர் சேர்ந்து ஆறு வாரம் ஆனதும் ஓர் அறிக்கை எழுதுவோம். சாப்பாடு, தூக்கம், எடை, படுக்கைப் புண், விழுந்தாரா, யார் வந்து பார்க்கிறார்கள் என்று நீளும் படிவத்தின் கடைசியில் இரண்டு வரிக்கு இடம் இருக்கும்: புதிய இடத்துக்குப் பழகிவிட்டாரா? இந்த அம்மாவின் படிவத்தில் அந்த இடத்தில் "பழகிவிட்டார். அமைதியாக இருக்கிறார்" என்று எழுதியது நான். தப்பாக எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்க மேலும் மூன்று வாரம் ஆனது.

நான் சிங்கப்பூரில் ஒரு தாதிமை இல்லத்தில் சமூக சேவையாளராக வேலை பார்க்கிறேன். இதை எழுத அந்த அம்மாவிடமும் மகனிடமும் அனுமதி கேட்டேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் எதுவும் வராது. அம்மாவிடம் கேட்டபோது, "எழுது. ஆனா கைலி விசயத்தையும் சேத்து எழுது" என்றார். சேர்த்திருக்கிறேன்.

யார் இவர்

வந்து சேர்ந்தபோது வயது 78. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். இவரும் பன்னிரண்டு வயதிலிருந்து அம்மாவுக்குத் துணையாக மரத்துக்குப் போனவர். 1954இல் மலாயாவில் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அப்பா அதில் சேர்ந்தார் என்பதை இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். அந்தச் சங்கம் இந்தக் கதையில் பிறகு வரும்.

1966இல் கல்யாணமாகி செம்பவாங்குக்கு வந்தார். கணவருக்குப் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை. பிறகு அங்கேயே கப்பல் பட்டறையில். பட்டறை கொடுத்த குடியிருப்பு, அப்புறம் ஈசூனில் அரசாங்க வீடமைப்புக் கழகத்தின் (வீவக) மூவறை வீடு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் இவர் ஒரு பள்ளியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டு பார்த்தார். 2009இல் கணவர் காலமானார். மகனும் மருமகளும் பேரனும் அதே வீட்டில் இருந்தார்கள். மகள் ஜொகூர் பாருவில்.

2023 பிப்ரவரியில் ஒரு விடிகாலை அடுப்படியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. அறுவை சிகிச்சை, பிறகு சமூக மருத்துவமனையில் ஐந்து வாரம். நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டடி வைப்பார், மூன்றாவது அடிக்கு ஆள் வேண்டும். மகனுக்கு உட்லண்ட்ஸில் பன்னிரண்டு மணிநேர ஷிப்டு. மருமகள் பாலர் பள்ளி ஆசிரியை. முதல் பணிப்பெண் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை, இரண்டாமவர் மூன்று மாதத்தில் கைவிரித்துவிட்டார். முதியோருக்கு இல்லங்களில் இடம் ஏற்பாடு செய்யும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழியாக மருத்துவமனை விண்ணப்பித்தது. தாதிமை இல்லத்துக்கு மனுச் செய்பவரின் நடமாட்டம், உணவு, கழிவறை, நினைவு எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு நான்கு வகையாகப் பிரிப்பார்கள். எண் கூடக் கூட ஆள் துணை அதிகம் வேண்டும்; இவர் மூன்றாம் வகை. கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முழுக் கட்டணம் மாதம் 2,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல். குடும்பத்தில் தலைக்கு வரும் வருமானத்தைப் பார்த்து அரசாங்கம் மானியம் தருகிறது. முன்னோடித் தலைமுறை (1949 முடிவுக்குள் பிறந்த சிங்கப்பூரர்) என்பதால் மாதம் 100 வெள்ளி உடற்குறை உதவித் தொகையும் உண்டு. 2002இல் எல்டர்ஷீல்டு என்ற கடும் உடற்குறைக்கான காப்புறுதி வந்தபோது பலரைப் போல இவர் வீட்டிலும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். மகன் மீதியைச் சமாளித்தார். காசு இந்த வீட்டில் பெரிய தகராறு ஆகவில்லை.

பொய்

தகராறு வேறு இடத்தில். சேர்ந்த நாளன்று, கட்டிலில் உட்காரவைத்து, மகன் சொன்னார்: "கொஞ்ச நாள்தாம்மா. நல்லா நடக்க ஆரம்பிச்சதும் வீட்டுக்குப் போயிடலாம்."

அவருக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒப்பந்தத்தில் அரை மணிநேரம் முன்புதான் கையெழுத்தாகியிருந்தது. அம்மா என்னைப் பார்த்தார். நான் தமிழ்ப் பெண் என்பதால் என்னிடம் உண்மை வரும் என்று நினைத்திருப்பார் போலும். நான் சொன்னது: "ஆமாம்மா. முதல்ல நல்லா நடக்கப் பழகுங்க."

இந்தப் பொய்யைச் சொல்லாத குடும்பத்தை நான் எண்ணிச் சொல்லிவிடலாம். கல்நெஞ்சம் காரணமில்லை. பெற்றவளிடம் "உன்னை இங்கே விடுகிறோம்" என்ற வாக்கியத்தை வாயால் சொல்ல முடிவதில்லை, அவ்வளவுதான். நம் ஆட்களுக்கு இதில் இன்னொரு பாரமும் உண்டு. லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவில், தெரிந்தவர் யாராவது எதிரே வந்து "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. "ஆஸ்பத்திரியிலதான் இருக்காங்க, தெரபி நடக்குது" என்று அந்த மகன் ஐந்து மாதம் சொல்லியிருக்கிறார்.

அம்மாவுக்கு மறதி நோயும் இல்லை. பத்துக் கேள்வி நினைவுச் சோதனையில் எட்டு எடுத்தார். தேதி தப்பியது; ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன ஒரு முகவரியும் தப்பியது. தாதி திரும்பக் கேட்டபோது, "நான் போகப்போற வீட்டு அட்ரஸா அது? எதுக்கு ஞாபகம் வைக்கணும்?" என்றார். அறையிலிருந்த எல்லாரும் சிரித்தோம். அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

முதல் ஆறு வாரம்

கூடவே ஒரு நீலப் பை வந்தது. ஜிப்பு வைத்த, ஊருக்குப் போகிறவர்கள் கொண்டுபோகும் பை. உதவியாளர் அதைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கப் போனார். அம்மா விடவில்லை. "திரும்பக் கட்ட வேண்டியதுதானே" என்றார். பை கட்டிலுக்கடியில் போயிற்று. இல்லத்தின் பூப்போட்ட பைஜாமாவைப் போட்டுவிட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கால்சட்டை.

எட்டுப் பேர் அறை. மாடி முழுக்க நாற்பது பேர். தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு பேர். மற்றவர் பக்கவாதத்தில் பேச்சை இழந்த ஒரு பெரியவர். ஊழியர்களில் பாதிப்பேர் மியன்மார், அடுத்து பிலிப்பீன்ஸ். நாகர்கோவிலிலிருந்து ஒரு தாதி. அவருக்கு ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. தாளில் அது ஒரு புள்ளிவிவரம். மாடியில் வந்து பார்த்தால், காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை தன் மொழியில் ஒரு சொல் காதில் விழாத நாட்கள். பொது அறைத் தொலைக்காட்சியில் பகலெல்லாம் சீன நாடகம். தமிழ் ஒளிவழியான வசந்தத்தை வைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது.

இரவு அறிக்கையில் தினமும் ஒரே வரி: காலை நான்கு மணிக்கு அமைதியின்றி எழுகிறார், கட்டிலைவிட்டு இறங்கப் பார்க்கிறார். கீழே போட்டிருந்த மிதிவிரிப்பில் கால் பட்டதும் மணி அடிக்கும், இரண்டு பேர் ஓடிவந்து படுக்கவைப்பார்கள். தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது. நான் போய்க் கேட்டேன், நாலு மணிக்கு ஏன்மா எழுந்திரிக்கிறீங்க என்று.

"பெரட்டுக்குப் போகணும்ல?" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு: "பைத்தியம்னு நெனைக்காத. இப்ப பெரட்டு இல்லன்னு எனக்குத் தெரியும். ஒடம்புக்குத் தெரியல."

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுப்பு. தாமதமாய்ப் போனால் அன்றைய கூலி போச்சு. அறுபது வருஷத்துக்கு மேலாக நான்கு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு. பள்ளிக்கூட வேலைக்கும் அதே நேரம்தான் எழுந்தார். அடுப்படியில் விழுந்ததும் அந்த நேரத்தில்தான். நாங்கள் நோயென்று எழுதியது ஒரு தொழிலாளியின் ஒழுங்கு. இதை நான் புரிந்துகொண்டேன், கோப்பில் எழுதினேன்; மாத்திரைப் பேச்சு நின்றது. ஆனால் வேறொன்றும் மாறவில்லை. மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது.

மாலையில் அவர் மின்தூக்கியைப் பார்த்தபடி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மகன் ஷிப்டைப் பொறுத்து வருவார்: ஒரு வாரம் மூன்று நாள், அடுத்த வாரம் ஒரு நாளும் இல்லை. வருவதானால் எந்த நேரமும் வருவார். அதனால் அம்மா எல்லா நேரமும் காத்திருந்தார். ஐந்து மணிக்கு வரும் இரவுச் சாப்பாட்டைத் தொடமாட்டார். "எம்மவன் வந்தா சேந்து சாப்புடுவேன்."

ஐந்தாவது வாரம் காத்திருப்பது நின்றது. நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அந்தப் பக்கம் பார்த்தார். ஊட்டினால் நாலு வாய் வாங்கினார். மாதம் ஒருமுறை தொண்டூழியர்கள் வந்து முடிவெட்டுவார்கள். பராமரிக்கச் சுலபம் என்று பெண்களுக்கும் குட்டையாக. முதல் தடவை கொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "தொடாத" என்று கத்தியவர், இந்தத் தடவை தலையைக் குனிந்து கொடுத்தார். வெட்டி முடித்ததும் கீழே கிடந்ததைப் பார்க்கவும் இல்லை.

மாடியில் எல்லாருக்கும் நிம்மதி. அடுத்த வாரம்தான் படிவம் வந்தது, நான் அந்த வரியை எழுதினேன். அதே படிவத்தின் மேல்பாதியில் எடை இருந்தது: வந்தபோது 51 கிலோ, இப்போது 46.8. இரண்டையும் ஒரே கையால் எழுதிவிட்டு ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

தொட்டிச் செடி

நடுவில் ஒரு சிறு தோல்வி. 1976இல் அமெரிக்காவில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு தாதிமை இல்லத்தில் சோதனை செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைப்பது, எப்போது படம் பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, விரும்பினால் ஒரு செடி எடுத்து வளர்க்கலாம் என்றார்கள். இன்னொரு மாடியில் செடியைக் கையில் கொடுத்து, தண்ணீர் தாதி ஊற்றுவார் என்றார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது முதல் மாடியில் 15 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 30 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். மொத்தம் நூறு பேர்கூட இல்லாத ஆய்வு; மரணக் கணக்கைப் பற்றி அப்புறம் கேள்விகளும் எழுந்தன. இருந்தும் முதியோர் பராமரிப்பு வகுப்பில் உட்கார்ந்தவர்கள் யாரும் இதைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது.

எங்கள் இல்லமும் கேட்டிருந்தது. ஆகவே மாடிக்கு நாற்பது தொட்டி வாங்கி, ஒரே ரகச் செடியை, ஒரே நாளில், எல்லாருக்கும் கொடுத்தது. அம்மா இலையைக் கிள்ளி மோந்து பார்த்தார். "திங்க முடியாததுக்கு எதுக்குத் தண்ணி ஊத்தணும்?" என்று தள்ளிவிட்டார். நடவடிக்கைப் பதிவேட்டில் "ஆர்வமில்லை" என்று ஏறியது. அந்த அமெரிக்க ஆய்வில் செடி ஓர் ஓரத்துப் பொருள். வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் வாய்தான் ஆய்வு. நாங்கள் செடியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஒன்பதாவது வாரம்

பேரனுக்கு ஏழு வயது. மருமகளின் கைத்தொலைபேசியில் வீடியோ அழைப்பு. நாகர்கோவில் தாதி போனைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் நின்றேன். பையன் போனோடு வீட்டைச் சுற்றிக் காட்டினான். நீலச் சுவர், புது மேசை, ராக்கெட் ஒட்டிய அலமாரி.

"பாட்டி, பாருங்க, உங்க ரூம் இப்ப என் ரூம்!"

அம்மா பார்த்தார். "நல்லா இருக்குய்யா" என்றார். "வெளிச்சம் பத்தலன்னா ஜன்னல் பக்கம் மேசையைப் போடச் சொல்லு." போன் வைத்தாயிற்று. என்னிடம் திரும்பி, "நீ சொன்னியே, நடக்கப் பழகுன்னு" என்றார். அவ்வளவுதான். அன்று ராத்திரியும் மறுநாளும் ஒரு வாய் சாப்பிடவில்லை, தண்ணீரும் அரை டம்ளர்தான்.

மறுநாள் மருத்துவர் வந்தார். முதியோர் மனச்சோர்வுக்கான பதினைந்து கேள்விகளை நான் தமிழில் கேட்டேன். ஐந்துக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். பதினொன்று வந்தது. இடம்பெயர்ந்த முதியவர்களுக்கு வரும் இந்த நிலையை 1992இல் அமெரிக்கத் தாதியரின் நோய்க்குறிப் பட்டியலில் தனியாகவே சேர்த்திருக்கிறார்கள்: இடமாற்ற மன அழுத்தம். குறைந்த அளவில் மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்தார்கள். இனி நான் சொல்லப்போவதில் அந்த மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, மற்றவற்றுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாது. மாத்திரையை மறைத்துவிட்டுக் கதை சொன்னால் அது நேர்மையாக இருக்காது.

உண்மை சொன்ன நாள்

மகனைக் கூப்பிட்டேன். இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்தார், மருமகளும். தாதிமை மேலாளர், நான், அம்மா. ஒரு சின்ன அறை. மகன் வாயைத் திறந்தார், வரவில்லை. ஆரம்பித்தது நான்தான்:

"அம்மா, அன்னிக்கு நான் உங்ககிட்ட சொன்னது உண்மையில்ல. நீங்க இங்க வந்தது கொஞ்ச நாளைக்கு இல்ல. இங்கயே இருக்கத்தான்."

யாரும் அழவில்லை என்று எழுத ஆசை. மகன் அழுதார். அம்மா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "இத அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே சண்ட போட்டிருப்பேன்" என்றார். பிறகு சண்டை போட்டார். நாற்பது நிமிடம். மகனைப் பெற்ற கதையிலிருந்து, வீட்டுக் கடன் கட்டிய கதை, மருமகள் வந்த புதிதில் தான் விட்டுக்கொடுத்தது, தன் தலைமுடி, இந்தக் கால்சட்டை வரை. தாதிமை மேலாளருக்குத் தமிழ் தெரியாது. போதும் நிறுத்தலாமா என்று எனக்குச் சைகை காட்டினார். நான் தலையாட்டி வேண்டாம் என்றேன். ஒன்பது வாரத்தில் அந்தக் குரலை முதல்முறையாகக் கேட்கிறேன்.

முடிவில் மூச்சு வாங்கியபடி மகனிடம் கேட்டார்: "வீட்டுல நான் விழுந்தா தூக்க ஆள் இல்ல. அதானே?"

"ஆமாம்மா."

"அத சொல்றதுக்கு இத்தன நாளா?"

எல்லாக் குடும்பத்துக்கும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முற்றிய மறதி நோயில் இருப்பவரிடம் தினமும் உண்மையைச் சொல்வது, தினமும் ஒரு புதிய சாவுச் செய்தி சொல்வதற்குச் சமம். இந்த அம்மா அப்படிப்பட்டவர் இல்லை. பத்துக்கு எட்டு எடுத்தவர். அவரிடம் மறைக்க எங்களுக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை, எங்கள் கூச்சத்தைத் தவிர.

கோரிக்கைகள்

மறுநாள் காலை என்னை வரச்சொன்னார். "பேப்பர் பேனா எடுத்துக்க. எங்கப்பா சங்கத்துல இருந்தவரு. கேக்காம எதுவும் வராதும்பாரு." அவர் சொல்ல நான் எழுதினேன்.

முதலாவது கைலி. பைஜாமா இனிமேல் கிடையாது, சட்டையும் கைலியும்தான். ஊழியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, தூக்கும்போது அவிழும், டயப்பர் மாற்றக் கஷ்டம், சக்கரத்தில் சிக்கும். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்று வாரம் இழுத்தது. கடைசியில் மருமகள்தான் வழி கண்டுபிடித்தார்: கைலியை இடுப்பில் ரப்பர் நாடா வைத்துப் பாவாடை மாதிரித் தைத்து, நீளத்தைக் கணுக்காலுக்கு மேலே குறைத்து, பின்புறம் ஒரு திறப்பு விட்டு. நாலு உருப்படி தைத்துக் கொண்டுவந்தார். அம்மா நாடாவை இழுத்துப் பார்த்து, "கைலிக்கு லாஸ்டிக்கா" என்று முகம் சுளித்துவிட்டுப் போட்டுக்கொண்டார். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் பல வருஷமாக இல்லாத ஒரு பேச்சு அந்தத் தையலிலிருந்து ஆரம்பித்தது.

இரண்டாவது, முடி. இனி யாரும் கத்தரி வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்ற வேண்டும். கிடைத்தது, மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை மட்டும்.

மூன்றாவது, நான்கு மணி. எழுந்துதான் தீருவேன், படுக்கவைக்காதே. இதைத் தீர்த்தவர் மியன்மாரிலிருந்து வந்த ஓர் இரவு உதவியாளர். அவரும் விவசாயக் குடும்பம். அவர் நேரத்தை நாலேகாலுக்கு மாற்றி, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, சூடாக ஒரு மைலோ கொடுத்து, தன் முகப்புக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். மணி அடிப்பது நின்றது. இரண்டு பேருக்கும் பொதுவாக மொழி கிடையாது. என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஆனால் பேச்சுச் சத்தம் கேட்கும்.

இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குத் தள்ளச் சொன்னது நடக்கவில்லை. சமையற்கட்டு ஆட்கள் ஆறரைக்குக் கிளம்புகிறார்கள். ராத்திரி ரொட்டியும் பாலும் தனியாக வைக்கிறோம். ஐந்து மணிச் சோற்றை அவர் இன்றைக்கும் "டீ நேரத்துச் சோறு" என்றுதான் சொல்கிறார். அறுபது வயசுக் கிழவிகளெல்லாம் தன்னைப் பாட்டி என்று கூப்பிடக் கூடாது என்பதும் பட்டியலில் இருந்தது. இப்போது மாடியில் அவர் "அம்மா". பிலிப்பீன்ஸ் தாதிகள் அதை அவருடைய பெயர் என்றே நினைக்கிறார்கள்.

பக்கத்துக் கட்டில்

இதை யாரும் திட்டமிடவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஹொக்கியன் பேசும் ஒரு சீன மூதாட்டி, எண்பத்து நான்கு வயது. இரண்டு மாதத்துக்கு மேல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. பத்தாவது வாரம், உண்மை தெரிந்த அடுத்த சில நாட்களில், அம்மாவுக்குக் கோபம் ஊறிக்கொண்டிருந்த நேரத்தில், மின்விசிறியை அந்த மூதாட்டி வேகமாக வைக்கச் சொல்லிவிட்டார். அம்மாவிடமிருந்து பாசார் மலாயில், அதாவது சந்தை மலாயில், வந்தது: "கிப்பாஸ் காசி பெலான்லா! செஜுக்!" விசிறியைக் குறை, குளிருது.

மூதாட்டி எழுந்து உட்கார்ந்தார். அதே மொழியில் பதில். இரண்டு பேரும் நீ சூன் (இன்றைய ஈசூன்) பக்கம், செம்பவாங் பக்கம் கம்பத்து (கிராமத்து) காலத்து ஆட்கள். சந்தையில் மீன் வாங்கவும், அண்டைவீட்டாரோடு சண்டை போடவும் எல்லா இனத்தாரும் பேசிய மலாய் அது; பேரப்பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. மாடியில் மொழித்துணை இல்லை என்று நான் எழுதி வைத்திருந்தேன். பதிவுப் படிவத்தில் தாய்மொழிக்கு ஒரு கட்டம், ஆங்கிலத்துக்கு ஒரு கட்டம். சந்தை மொழிக்குக் கட்டம் கிடையாது. இப்போது நான் எல்லாப் புதியவர்களிடமும் கேட்கிறேன்: பாசார் மலாய் பேசுவீர்களா, எந்தச் சந்தையில் பழகினீர்கள்? ஆச்சரியமாக எத்தனையோ பேர் தலையாட்டுகிறார்கள்.

நட்பு என்று பெரிதுபடுத்தமாட்டேன். விசிறிச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் காலையில் கண் விழித்ததும் ஒருவர் மற்றவரிடம் "சுடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்று கேட்டுக்கொள்கிறார்கள், இருவரும் ஒரே தட்டு வண்டிக்குக் காத்திருக்கும்போதும்.

ஞாயிறு பத்து மணி

மகனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: அடிக்கடி வர வேண்டாம், சொன்ன நேரத்தில் வாருங்கள். ரிச்சர்ட் ஷூல்ஸ் என்பவர் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முதியோர் இல்லத்தில் சிலரைக் கல்லூரி மாணவர்கள் திடீர் திடீரென வந்து பார்த்தார்கள். சிலருக்கு வரும் நேரம் முன்பே தெரியும். சிலர் எப்போது வர வேண்டும் என்று தாங்களே சொன்னார்கள். நேரம் தெரிந்தவர்களும் நேரத்தைச் சொன்னவர்களும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். எவ்வளவு நேரம் வந்தார்கள் என்பதைவிட, எப்போது வருவார்கள் என்று தெரிந்ததே பெரிதாக இருந்தது.

மகன் ஷிப்டு அட்டவணையைக் கொண்டுவந்தார். ஞாயிறு காலை பத்து, புதன் இரவு எட்டுக்கு போன். முன்பைவிட வருகை குறைந்தது. மருமகளுக்கு இது சரியாகப்படவில்லை, "குறைச்சா வர்றது எப்படி நல்லதாகும்?" என்றார். அம்மா மற்ற ஆறு நாளும் மின்தூக்கியைப் பார்ப்பதை விட்டார். ஞாயிறு மட்டும் ஒன்பதரைக்கு விபூதி வைத்துக்கொண்டு தயாராக இருப்பார். ஆறாவது மாதம் எடை 49.5.

ஷூல்ஸின் ஆய்வுக்கு இரண்டாம் பாகம் இருக்கிறது. வகுப்பில் அதைச் சீக்கிரம் தாண்டிவிடுவார்கள். ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவதை நிறுத்தினார்கள். பிறகு போய்ப் பார்த்தபோது, நேரம் தெரிந்து பழகியிருந்தவர்களே அதிகம் சரிந்திருந்தார்கள். 2024 ஜனவரியில் இங்கும் அதுதான். மகனின் பிரிவை மாற்றினார்கள், மூன்று ஞாயிறு வர முடியவில்லை. முதல் ஞாயிறு சொல்லவும் மறந்துவிட்டார். அம்மா பத்திலிருந்து ஒன்றரை வரை உட்கார்ந்திருந்தார். இரண்டாவது ஞாயிறு கைலி வேண்டாம், பைஜாமாவே போதும் என்றார். எனக்கு அடிவயிறு கலங்கியது. மகள் ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தில் மூன்று மணிநேரம் நின்று வந்து அடுத்த ஞாயிறுகளை எடுத்துக்கொண்டார். சரிக்கட்ட ஆறு வாரம் பிடித்தது. முழுதாகச் சரியாயிற்றா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

ஓராண்டு

சேர்ந்து ஓராண்டு ஆனபோது மறுபடி படிவம் வந்தது, அதே இரண்டு வரி இடத்தோடு. நான் அம்மாவிடமே போய்க் கேட்டேன்: பழகிடுச்சாம்மா?

"பழகுறதா? இருக்கேன்."

நீலப் பை அதுவரையில் கட்டிலுக்கடியிலேயே இருந்தது. துடைப்பவர் தினமும் அதைத் தூக்கிவிட்டுத் துடைத்து, அதே இடத்தில் திரும்ப வைப்பார். துணிகளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அலமாரிக்குப் போயிருந்தன என்பதை நான் கவனித்திருந்தேன். அப்புறம் பையில் என்ன இருக்கு என்றேன்.

திறக்கச் சொன்னார். ஒரு பட்டுச் சேலை. 1980களில் கணவர் சிராங்கூன் ரோட்டில் வாங்கிக்கொடுத்தது, மடிப்பில் பாச்சை உருண்டை வாசம். சேலைக்குள் ஒரு ரவிக்கை, அளவு குறைத்துப் பிடித்தது.

"என்னைத் தூக்கிட்டுப் போறப்ப கட்டிவிடறதுக்கு. கால்சட்டையோட அனுப்பிடாதீங்க."

"மகன்கிட்ட சொல்லிட்டீங்களாம்மா?"

"அவன் அழுவான். நீ எழுதி வெச்சுக்க."

முன்கூட்டியே பராமரிப்பு விருப்பங்களைப் பேசி எழுதிவைக்கும் படிவம் ஒன்று எங்களிடம் இருக்கிறது: குழாய் வேண்டுமா, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமா என்றெல்லாம். பதினொரு மாதமாக அதை அவரிடம் எப்படி எடுப்பது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அன்று எடுத்தேன். ஒரு மணிநேரம் பேசினோம். குழாய் வேண்டாம் என்றார், வலிக்கு மருந்து வேண்டும் என்றார், ஆஸ்பத்திரிக்கு என்றால் மகனைக் கேட்டுக்கொள் என்றார். கடைசியில் "மற்றவை" என்ற கட்டத்தில் எழுதினேன்: அரக்குச் சேலை, பச்சைக் கரை, ரவிக்கை உள்ளேயே இருக்கிறது, கட்டிலுக்கடியில் நீலப் பை.

எழுதியதைத் தமிழில் படித்துக்காட்டச் சொன்னார். படித்தேன். "கரை பச்சை இல்ல, கிளிப்பச்சை" என்று திருத்தினார்.